கணக்கில் சேராத செருப்பு

அக்கா வெறுங்காலோடு வார்டுக்குள் ஓடி வந்தாள். சால்வைக்குள் எதையோ மறைத்துப் பிடித்திருந்தாள். கட்டிலருகே வந்ததும் வெளியே எடுத்தாள். அவளுடைய சொந்தச் செருப்பு.

"பையை விரிச்சுப் பிடி, வாலு. வேடிக்கை பார்த்துக்கிட்டு நிக்காத."

"நான் எங்க நிக்கிறது? ஒரு காலைத்தான் கட்டித் தொங்க விட்டிருக்காங்களே."

"வாய் மட்டும் உடையல பாரு."

செருப்பிரண்டையும் அடியோடு அடி சேர்த்துத் துணிப்பைக்குள் திணித்தாள். பையைக் கட்டில் கம்பியில் மாட்டினாள். வராந்தாவின் கோடியில் மணி அடிக்கத் தொடங்கிவிட்டது. அக்கா ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பிறகு தரையில் படுத்து, உருண்டு, கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். தொங்கிய போர்வை அவளை மூடியது.

பிடிபட்டால் அக்காவின் பார்வையாளர் பாஸைப் பறித்துக்கொள்வார்கள். பிறகு பகலில்கூட அவள் வர முடியாது.

அந்த எலும்பு வார்டில் ஒரு வழக்கம் உண்டு. பார்க்க வருகிறவர்கள் செருப்பை வாசலில் இருக்கும் மர ஸ்டாண்டில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். நோயாளிகள் வருவது ஸ்ட்ரெச்சரில். அவர்களுக்கு அங்கே செருப்பு கிடையாது. நர்ஸ்களின் செருப்பு அவர்கள் அறையில். ஆகவே ஸ்டாண்டில் இருப்பதெல்லாம் வெளியாட்களின் செருப்பு. மாலையில் வாட்ச்மேன் மணியை ஆட்டிக்கொண்டே வராந்தாவைச் சுற்றி வருவார். எல்லோரும் அவரை மணிக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சுற்றி முடித்ததும் ஸ்டாண்டைப் பார்ப்பார். காலியாக இருந்தால் கதவைப் பூட்டுவார். ஒரு ஜோடி இருந்தால் உள்ளே ஒரு ஆள் இருக்கிறார் என்று அர்த்தம். தேடி வந்து வெளியே அனுப்புவார்.

"மூஞ்சியைப் பார்க்கவே மாட்டேம்மா," என்று முதல் நாளே அக்காவிடம் சொல்லியிருந்தார். "மூஞ்சி அழும், கெஞ்சும். செருப்பு கெஞ்சாது."

அதைத்தான் அக்கா பிடித்துக்கொண்டாள். செருப்பு இல்லையென்றால் ஆளும் இல்லை.

வெளியே மழை. ஜன்னல்களில் மிச்சமிருந்த வெளிச்சம் சாம்பல் நிறத்தில் கரைந்துகொண்டிருந்தது. வாசலில் பூட்டு விழும் சத்தம் கேட்டது.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை மேலே வந்து தங்கையின் கையைப் பிடித்தது. ஆள்காட்டி விரல் நுனி அரம் மாதிரி சொரசொரத்தது. அக்கா தையற்காரி. ஊசி குத்திக் குத்தி அந்த விரல் அப்படி ஆகிவிட்டது. சின்ன வயதில் அந்த விரலால் கன்னத்தைத் தடவினால் தங்கை கத்துவாள். இப்போது அதை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னைக்கு வரட்டும்," கீழேயிருந்து கிசுகிசுப்பு. "யாருன்னு பார்த்துடறேன்."

விஷயம் இதுதான். தங்கை விளக்குக் கடையில் வேலை செய்கிறவள். உயரத்தில் ஒரு சரவிளக்கை மாட்டும்போது ஏணி நழுவியது. தொடை எலும்பு முறிந்து இங்கே வந்து சேர்ந்தாள். முதல் ராத்திரி ஒன்றுமில்லை. இரண்டாம் ராத்திரியிலிருந்து ஒருத்தி வர ஆரம்பித்தாள்.

மணி அடித்து, பெரிய விளக்குகளை அணைத்த பிறகு வருவாள். முதலில் செருப்புச் சத்தம்.

சப். சப். சப்.

அந்த வார்டுக்குள் யாரும் செருப்பு போடுவதில்லை.

சத்தம் கட்டில் கட்டிலாக நின்று நின்று வரும். இவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூல் இழுபடும். ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன துணியின் வாடை அடிக்கும். பிறகு ஒரு கை அவள் தலையைத் தடவும். நெற்றியிலிருந்து பின்னால் போகாது; பிடரியிலிருந்து மேலே, முடிக்கு எதிர்ப்பக்கமாக ஏறி வரும். ரேகையே இல்லாதது போல் வழவழப்பான கை. கூடவே ஒரு குரல், மன்னிப்புக் கேட்பது போல்.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடறேன்."

நர்ஸம்மாவிடம் சொன்னாள். வலி மாத்திரையின் வேலை என்றார். ஒவ்வொரு ராத்திரியும் அந்தக் கை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி வந்தது. நேற்று கழுத்தைச் சுற்றி வந்து தொண்டையில் நின்றது. காலையில் தங்கையால் தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. அக்கா அவள் தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். மத்தியானம் போய் ஒரு சால்வை வாங்கி வந்தாள்.

தரை துடைக்கும் துணி தோய்ந்து இழுபடும் சத்தம். வார்டு ஆயா வந்துவிட்டாள். ஓரத்திலிருந்து ஒவ்வொரு கட்டிலாகத் துடைத்துக்கொண்டு வந்தாள். தங்கை கையை மெல்ல மேலே இழுத்துக்கொண்டாள்.

"உங்க அக்கா போயிட்டாங்களா, கண்ணு?"

"போயிட்டா, ஆயாம்மா."

"என்னைக்கும் மணிக்காரர்கிட்ட வம்பு பண்ணிட்டுத்தானே போவாங்க. இன்னைக்குச் சத்தமே இல்ல."

"தலைவலின்னு சொன்னா."

துடைக்கும் கட்டை கட்டிலுக்கு அடியில் நுழைந்தது. கட்டை எதிலோ முட்டி நின்றது. ஆயா ஒரு கணம் அப்படியே நின்றாள். அப்புறம் கட்டையை வெளியே இழுத்துக்கொண்டு தங்கையின் முகத்தைப் பார்த்தாள்.

"இந்த வார்டுல தங்கக் கூடாது, கண்ணு," என்றாள். குரல் தாழ்ந்திருந்தது. தங்கையிடம் சொல்கிறாளா, கட்டிலுக்கு அடியில் இருப்பவளிடம் சொல்கிறாளா என்று தெரியவில்லை. "ரூல்ஸுக்காகச் சொல்லல. முன்னாடி ஒருத்தி இப்படித்தான் தங்கினா. உள்ள வந்தவ வெளிய போனதை யாரும் பார்க்கல. செருப்பு மட்டும் ஸ்டாண்டுல நின்னுச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? மணிக்காரர் தூக்கிக் குப்பையில போட்டார். மறுநாள் அதே தட்டுல. நானே கொண்டுபோய் வாய்க்கால்ல வீசினேன். மறுநாள் அங்கேயே. சரி, கிடக்கட்டும்னு விட்டுட்டோம். மணிக்காரர் அந்த ஒரு ஜோடியைத் தள்ளிட்டுத்தான் எண்ணுவார். அது கணக்குல சேராது."

"ஆயாம்மா, அவ இன்னும் இங்க நடக்கிறாளா?"

ஆயா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சத்தம் இல்லை. "எப்படி நடப்பா? இடது செருப்போட வார் அறுந்துல்ல கிடக்கு. அறுந்த செருப்பை மாட்டிக்கிட்டு யாரு நடக்க முடியும்? அந்த ஒரு தைரியத்துலதான் நாங்க வேலை பார்க்கிறோம்."

வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். போகிற போக்கில் பெரிய விளக்குகளை அணைத்தாள். தூரத்தில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், நர்ஸம்மாவின் மேஜை விளக்கு மட்டும் எரிந்தது. மற்றக் கட்டில்களில் மாத்திரை போட்டவர்கள் அதற்குள் அசந்துவிட்டிருந்தார்கள்.

கட்டிலுக்கு அடியில் மூச்சே கேட்கவில்லை.

"அக்கா?"



"அக்கா, கேட்டியா ஆயா சொன்னதை?"

சொரசொரத்த விரல் மறுபடி மேலே வந்து அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்தது.

"வாலு." அக்காவின் குரல் வேறு யாருடையதோ போல் இருந்தது. "கறுப்புச் செருப்பு. ஸ்டாண்டுல அடித்தட்டுல, சுவரோரம். அதுதானா?"

"எனக்கு எப்படித் தெரியும்? நான் படுத்துக்கிட்டுத்தானே உள்ள வந்தேன்."

"உன்னைச் சேர்த்த அன்னைக்கு வெளிய உக்காத்தி வெச்சிருந்தாங்க. கை சும்மா இருக்கல. மணிக்காரருக்குச் சட்டைப் பொத்தான் தைச்சுக் கொடுத்தேன். பக்கத்துல அந்தச் செருப்பு வார் அறுந்து கிடந்துச்சு. யாரோ பாவம், திரும்பிப் போகும்போது வெறுங்காலோட போவாங்களேன்னு..."



"தைச்சுட்டேன், வாலு. நீல நூல்ல. ரெட்டைத் தையல்."

மழை திடீரென்று பலமாக அடித்தது. பிறகு நின்றது.

சப்.

வார்டின் அந்தக் கோடியில்.

சப். சப்.

விரல் அவள் மணிக்கட்டில் அழுந்தியது. தங்கை கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். முடியவில்லை. காலில் கட்டிய எடைக்கற்கள் தாமாகவே லேசாக ஆடின. நர்ஸம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

சப். சப். சப்.

மற்ற நாள்களைப் போல் கட்டில் கட்டிலாக நிற்கவில்லை. நேராக இங்கே வந்தது.

ஈரத்துணி வாடை.

ஸ்டூல் இழுபட்டது. அதன் மேல் யாரோ உட்கார்ந்ததில் மரம் முனகியது. தங்கை கையை எதிர்பார்த்துக் கழுத்தைச் சுருக்கிக்கொண்டாள். கை வரவில்லை. மேஜை விளக்கின் எச்சமான வெளிச்சத்தில் ஒரு தலை தெரிந்தது. அது தங்கையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"தைச்சுக் கொடுத்தது யாரு?" என்றது குரல்.

மெதுவாக, நன்றியோடு கேட்டது போலிருந்தது.



ஒரு செருப்பைக் கழற்றும் சத்தம். இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் வைக்கும் சத்தம். ஸ்டூல் மறுபடி முனகியது. முழங்கால்கள் தரையைத் தொட்டன. போர்வையின் ஓரம் விலகியது.

அக்காவின் கை தங்கையின் கையை ஒரே இழுப்பாக இழுத்தது. தோள் கழன்றுவிடும் போல் வலித்தது.

பிறகு விட்டுவிட்டது.

எவ்வளவு நேரம் அப்படியே கிடந்தாளோ தெரியாது. மழை மறுபடி தூற ஆரம்பித்திருந்தது. எங்கோ ஒரு நோயாளி தூக்கத்தில் இருமினாள். அந்த இருமல் அவ்வளவு சாதாரணமாக இருந்ததில் தங்கைக்கு அழுகை வந்தது.

"அக்கா..."

கட்டிலுக்கு அடியிலிருந்து அக்கா எழுந்து வந்தாள். தலை கலைந்திருந்தது, கன்னத்தில் தூசி. ஆனால் அக்காதான். அதே மூக்குத்திப் புள்ளி, அதே உதட்டு மச்சம்.

"போயிட்டா," என்றாள். "இனிமே வர மாட்டா."

"பார்த்தியா? யாரது? உன்னை என்ன பண்ணினா?"

"ஒண்ணும் பண்ணல. பெல் அடிச்சாச்சு. நான் கிளம்பறேன்."

தங்கை அவளையே பார்த்தாள். பெல்லுக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிறவளா அக்கா? பயந்துவிட்டாள், பாவம். அப்படித்தான் நினைத்தாள். அக்கா கட்டில் கம்பியிலிருந்து துணிப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். நடந்தாள்.

சப். சப். சப்.

அவசரத்தில் செருப்பை உள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டாள் போலிருக்கிறது. கண்ணாடித் தடுப்பருகே நர்ஸம்மா எழுந்து நின்று திட்டுவது கேட்டது.

"எங்கம்மா ஒளிஞ்சிருந்தீங்க? அதுவும் வார்டுக்குள்ள செருப்போட. இந்த ஒரு தடவை பாஸைப் பிடுங்காம விடறேன்."

"கொஞ்ச நேரம் இருந்தேன். இதோ போயிடறேன்."

மணிக்காரர் வந்து கதவைத் திறந்துவிட்டார். முகத்தைப் பார்க்காமல்.

அதன் பிறகு செருப்புச் சத்தம் வரவில்லை. ஸ்டூல் இழுபடவில்லை. தொண்டை வலி போய்விட்டது. அக்கா தினமும் வந்தாள், மணி அடிக்கும் முன்பே எழுந்து போனாள். நர்ஸம்மா, "இப்பத்தான் உருப்படியா நடந்துக்கறீங்க," என்று பாராட்டினார்.

வேறொன்று ஆரம்பித்திருந்தது. விளக்கு அணைந்த பிறகு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஏதோ வந்து தங்கையின் கையைப் பிடித்தது. மணிக்கட்டைப் பற்றி இழுத்தது. முதல் நாள் தங்கை வீரிட்டதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது. நர்ஸம்மா விளக்கைப் போட்டுக் குனிந்து பார்த்தார். தூசிகூட இல்லை. மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். மறுநாளும் வந்தது. அதற்கும் மறுநாள், பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கெஞ்சுவது போல் பற்றிக்கொண்டே கிடந்தது. பயத்தில் எதுவும் புரியாமல் தங்கை உதறினாள், நகத்தால் பிறாண்டினாள். அது போன பிறகு இரண்டு கையையும் போர்வைக்குள் சுருட்டிக் கட்டிவிடச் சொல்லி ஆயாவிடம் அழுதாள். ஆயா கட்டிவிட்டாள். கட்டும்போது ஆயா தரையைப் பார்க்கவே இல்லை.

அக்காவிடம் சொன்னபோது, "கையை மேலேயே வெச்சுக்க. அது தானா அடங்கிடும்," என்றாள்.

மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். சக்கர நாற்காலியை அக்கா பின்னாலிருந்து தள்ளினாள். வாசலில் மணிக்காரர் குஷியாக இருந்தார்.

"ஒரு நல்ல சேதி தெரியுமாம்மா? அந்தப் பழைய ஜோடி போயே போச்சு. யாரோ மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. இனிமே தள்ளி எண்ண வேண்டியதில்ல. எனக்கு எவ்வளவு நிம்மதி..."

பேச்சு பாதியில் நின்றது. அவர் கண் நாற்காலிக்குப் பின்னால், கீழே போயிருந்தது. மணியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் நாக்கைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"என்ன அண்ணே?"

"ஒண்ணுமில்ல. நல்லபடியா போயிட்டு வாங்க." வாய் தவறியது போல் உடனே திருத்தினார். "வர வேண்டாம். போங்க."

வீட்டில் முன்னறையில் தங்கைக்குப் படுக்கை போட்டிருந்தது. எதிரே அக்காவின் தையல் மெஷின். அதன் மேல் வாடிக்கையாளர்களின் துணி மலை போல் குவிந்து கிடந்தது. இந்தச் சின்ன வீட்டில் மெஷின் சத்தம் ஓய்ந்து தங்கை பார்த்ததே இல்லை. காய்ச்சலோடுகூட மிதித்துக்கொண்டிருப்பாள்.

"இவ்வளவு துணி கிடக்கே. தைக்கலையா?"

"நாளைக்குத் தைக்கலாம்."

"நாளைக்கா? உடம்பு சரியில்லையா உனக்கு?"

அக்கா படுக்கையில் உட்கார்ந்தாள். தங்கையின் பிடரியில் கை வைத்தாள். கை மெல்ல மேலே ஏறியது. முடிக்கு எதிர்ப்பக்கமாக.

வழவழப்பாக இருந்தது.

தங்கை அசையவில்லை. அசைந்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. நல்ல வேளை, அடுப்பில் பால் பொங்கும் வாடை வந்தது. அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள்.

சப். சப். சப்.

வீட்டுக்குள்ளும் அதே சத்தம். கதவைத் தாண்டும்போது இடது கால் தூக்கியதில் ஒரு கணம் தெரிந்தது. கறுப்பு வார். அதில் நீல நூல். ரெட்டைத் தையல்.

கட்டிலருகே ஆணியில் துணிப்பை தொங்கியது. வாயை முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டு இறுக்கியிருந்தது. தங்கை எட்டி எடுத்தாள். விரல் நகம் உடைய உடைய ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். சமையலறையில் டம்ளர் வைக்கும் சத்தம்.

கடைசி முடிச்சு அவிழ்ந்தது.

உள்ளே அக்காவின் செருப்பு. அடியோடு அடி சேர்த்து, அன்றைக்கு அக்கா திணித்தபடியே.

தலைமாட்டில் போன் அடித்தது. தங்கை பாய்ந்து எடுத்துக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"நான் வார்டு நர்ஸ் பேசறேன்." குரலில் எரிச்சல். "உங்களுக்கெல்லாம் ஒரு தடவை சொன்னா புரியாதா? பேஷண்டே வீட்டுக்குப் போயாச்சு, இன்னும் இங்க என்ன வேலை?"

"யா... யாருக்கு?"

"உங்க கட்டில்ல இன்னைக்குப் புதுசா ஒரு பொண்ணைச் சேர்த்திருக்கோம். இருட்ட ஆரம்பிச்சதும் அடியில இருந்து யாரோ கையைப் பிடிக்கறாங்கன்னு ஒரே கத்தல். சொரசொரன்னு விரல்னு சொல்றா. அன்னைக்கு நீங்க கத்தினப்ப ஒண்ணும் இல்ல, இன்னைக்குக் குனிஞ்சு பார்த்தா உங்க அக்கா. கையெல்லாம் பிறாண்டின காயம். எப்ப உள்ள வந்தாங்கன்னு மணிக்காரருக்கே தெரியல. வெளிய வாங்கன்னா, செருப்பு இல்லாம எப்படிப் போறதுன்னு கேக்கறாங்க. அதையேதான் திருப்பித் திருப்பிச் சொல்றாங்க."

தங்கை செருப்பிரண்டையும் மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் நகங்களுக்கு அடியில் இன்னும் அந்தக் கையைப் பிறாண்டிய ராத்திரியின் கறுப்பு ஒட்டியிருந்தது.

"அவளை அங்கேயே வெச்சிருங்க," என்று கிசுகிசுத்தாள். "செருப்பு என்கிட்டதான் இருக்கு. எப்படியாவது கொண்டு வர்றேன்."

"ஏம்மா மெதுவா பேசறீங்க? பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

சமையலறையில் அடுப்பு அணைந்தது.

சப். சப். சப்.

போனிலிருந்து தூரத்தில், ரொம்பத் தூரத்தில், மணிச் சத்தம் கேட்டது. படுக்கைக்குப் பக்கத்தில் ஸ்டூல் இழுபட்டது. ஈரத்துணி வாடை அடித்தது. அக்காவின் முகம் போனை எட்டிப் பார்த்தது.

"பெல் அடிச்சாச்சாமா?"

தங்கையின் பிடரியில் வழவழப்பான கை வந்து அமர்ந்தது.

"கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போயிடறேன்."